பிக்கப் வண்டியின் பின்கதவில் கிரில் பதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்கதவில் கிரில், அதாவது கரியிலோ கேஸிலோ சமைக்கிற அடுப்பு, பதிக்கிற வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நாங்களெல்லாம் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை போடுங்கள், வெல்டிங் கண்ணாடி மாட்டுங்கள், தீயணைப்பானைப் பக்கத்தில் வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நன்றாக வேலை தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று பின்கதவையே குப்பைக்கு அனுப்பிவிடும். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளே பார்க்காமல் வெட்டுவது

பின்கதவு ஒற்றைத் தகடு இல்லை. வெளித் தகடும் உள் தகடும் விளிம்பில் மடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். நடுவில் பொந்து. கைப்பிடியிலிருந்து இரண்டு பக்க லாட்சுக்கும் போகிற கம்பிகள், கேமரா ஒயர், சில வண்டிகளில் மின்பூட்டு எல்லாம் அந்தப் பொந்துக்குள்தான் ஓடுகின்றன. உள் தகட்டில் ஸ்குரூ போட்ட மூடி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே ஓடுவதையெல்லாம் தகட்டின்மேல் சாக்பீஸால் வரைந்த பிறகு கிரைண்டரைக் கையில் எடுங்கள்.

உள் தகட்டில் தெரிகிற பள்ளமேடுகள் அழகுக்காக வைத்தவை அல்ல. ஒரு மில்லிமீட்டர்கூட வராத தகட்டுக்கு விறைப்பைக் கொடுப்பதே அவைதான். அங்கே சதுரமாக வெட்டி எடுத்தால், சுற்றிலும் சட்டம் போட்டுப் போன பலத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

காந்தத்தை வைத்தும் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அலுமினியமாக இருக்கலாம். ஃபோர்டு எஃப்-150 வண்டியின் பாடி 2015 மாடலிலிருந்து அலுமினியக் கலவைதான். அதில் இரும்புச் சட்டத்தைப் பட்டறை வெல்டிங்கில் ஒட்ட முடியாது, போல்ட்தான் போட வேண்டும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும் என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். உருகுவதற்கு வெகு முன்பே, இருநூறு சொச்சம் டிகிரியிலேயே, அதன் பலம் போய்விடும்.

கரிப்பெட்டியைக் கதவோடு இறுக்கிப் பிணைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆறாத தவறு இதுதான். ஒரு தம்பி பின்கதவைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வெல்டிங் பார்க்கவே அழகு. கரிப்பெட்டியின் நாலு பக்கமும் விடாமல் ஒரே ஓட்டமாக, உள் தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார். முதல் நாள் நெருப்புப் போட்டுச் சமைத்திருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. மறுநாள் கதவை மூடினால் ஒரு பக்கம் லாட்ச் விழுகிறது, மறுபக்கம் விழவில்லை. லாட்சில்தான் கோளாறு என்று அதைக் கழற்றி மாட்டி, அது போய் விழுகிற கொக்கியையும் அரத்தால் தேய்த்திருக்கிறார். நான் நேர்ப்பட்டையைக் கதவின் குறுக்கே வைத்துப் பார்த்தேன். நடுவில் தகடு புடைத்து நிற்கிறது, இரண்டு ஓரத்திலும் பட்டைக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. பெட்டியை வெட்டி எடுத்தோம். புடைப்பு போகவில்லை. கடைசியில் கதவும் போனது, பெட்டியும் போனது, இரண்டையும் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

காரணம் எளிது. சூடேறினால் இரும்பு நீளும். ஒரு மீட்டர் நீள எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகட்டின் வெப்பம் 400 டிகிரி கூடினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். நல்லது என்று நினைத்து வாங்குகிற 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அதே சூட்டில் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் நீளும். கரிக்கு அடியில் இருக்கிற தகட்டுக்கு இந்தச் சூடு சாதாரணம். சுற்றியிருக்கிற கதவோ குளிர்ந்தே கிடக்கிறது, நீளாது. நீள வேண்டியது நீள முடியாமல் முட்டுகிறபோது மெல்லியது எதுவோ அது வளைகிறது. அதோடு முடிவதில்லை. இடமில்லாமல் நசுங்கிய பெட்டி ஆறும்போது பழைய அளவைவிடச் சுருங்கிப்போய்க் கதவைத் தன் பக்கம் இழுக்கிறது. சூட்டில் தள்ளல், ஆறும்போது இழுப்பு. ஒவ்வொரு சமையலுக்கும் இது நடக்கும்.

ஆகவே பெட்டி கதவின் ஒரு பகுதியாக ஆகிவிடக் கூடாது. கதவில் உறுதியான சட்டம் ஒன்று, அந்தச் சட்டத்தில் நாலு இடத்தில் மட்டும் தாங்கி நிற்கிற பெட்டி ஒன்று என்று பிரித்துச் செய்யுங்கள். நாலில் ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கலாம். மற்ற மூன்றுக்கும் நீள்துளை. நீளம் கூடுகிற திசையில் குறைந்தது 10 மில்லிமீட்டர் ஓட இடம் இருக்கட்டும். அந்த மூன்றையும் கையால் அசைத்தால் நகர்கிற அளவுக்கு விட்டு, இரட்டை நட்டு போட்டுப் பூட்டுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு இங்கே ஆகாது. 120 டிகிரிக்கு மேல் அந்த வளையத்தை நம்ப முடியாது. ஸ்பிரிங் வாஷரும் சூட்டில் பதம் இழந்து வெறும் வாஷராகிவிடும்.

அடுத்தது இடைவெளி. பெட்டியின் அடியிலும் நாலு பக்கமும் குறைந்தது 25 மில்லிமீட்டர், முடிந்தால் 40. அதன் நடுவில் பளபளப்பான தகடு ஒன்றைக் கேடயமாக நிறுத்துங்கள். அது பெட்டியையும் தொடக் கூடாது, கதவையும் தொடக் கூடாது. இடைவெளியின் இரண்டு முனையும் திறந்திருந்தால்தான் காற்று ஓடிச் சூட்டை வெளியே கொண்டுபோகும். போல்ட் வழியாகவும் சூடு இறங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் எஸ்.எஸ். குழாய்த் துண்டுகளை வைத்துத் தூக்கிக் கொடுங்கள். எம்.எஸ். கடத்துகிற சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் எஸ்.எஸ். கடத்தும்.

இடைவெளி முழுக்க செராமிக் பஞ்சை அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. பஞ்சு சூட்டைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்தாது. அரை மணி நேரத்துக்குத் தெரியாத சூடு இரண்டு மணி நேரத்தில் கதவுக்கு வந்துவிடும். வழிகிற கொழுப்பு பஞ்சில் ஊறினால் அதுவே பற்றி எரியும். பஞ்சு வைப்பதாக இருந்தால் கேடயத்தின் முதுகில் மெல்லிதாக வைத்து, தகடு போட்டு முழுக்க மூடுங்கள். சூடு தாங்கும் பெயின்ட் அடித்திருக்கிறேன் என்றும் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பெயின்ட் தான் உரியாமல் இருக்கும், அவ்வளவுதான். அடியில் இருக்கிற தகட்டுக்குச் சூடு போவதை அது தடுக்காது.

எல்லாம் முடிந்த பிறகு கதவை வண்டியில் மாட்டாமல் ஸ்டாண்டில் படுக்க வைத்து, இரண்டு மணி நேரம் முழு நெருப்புப் போட்டுப் பாருங்கள். இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பளபளக்கும் தகட்டின்மேல் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அளக்கிற இடத்தில் விரல்நகம் அளவுக்கு மங்கலான கறுப்புப் பெயின்ட் தொட்டு வைத்து அங்கே அளந்தால்தான் நம்பலாம். வெளித் தகட்டில் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால் இடைவெளி போதவில்லை.

கால்வனைஸ்டு தகடு

வேண்டவே வேண்டாம். மேலே பூசிய துத்தநாகம் 420 டிகிரிக்குள் உருகிவிடும். இன்னும் சூடேறினால் புகையாக வரும், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

பக்கக் கேபிள்களை நம்புவது

திறந்த பின்கதவு இரண்டு கேபிளில்தான் தொங்குகிறது. ஒரு மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்தில் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் பெட்டி செய்தால் வெறும் பெட்டியே 16 கிலோ. கம்பி வலை, கரி, அதன்மேல் ஒருவர் முழங்கையை ஊன்றுவது எல்லாம் தனி. தகட்டை 1.5 அல்லது 2 மி.மீ. ஆக்குங்கள், பெட்டியைக் கீல் பக்கமாகத் தள்ளி வையுங்கள். கேபிளுக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருந்தால் உள்ளே இழை அறுந்திருப்பது தெரியாது. நெருப்புக்குப் பக்கத்தில் அந்த உறையும் உருகும்.

கதவின் வெளி விளிம்பில் தரையைத் தொடுகிற மடக்குக் கால் இரண்டு வைத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். கால் நீளம் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருக்க வேண்டும். தொட்டியில், அதாவது சாமான் ஏற்றுகிற பின்பகுதியில், இருக்கிற பாரத்தை இறக்கியதும் வண்டி எழும்பும், கால் அந்தரத்தில் நிற்கும்.

கேஸ் அடுப்பாக்கினால்

புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, கதவின் பொந்துக்குள்ளும் தொட்டித் தரையிலும் தேங்கும். கதவு படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும் அடியில் வாயு வெளியேற வழி இருக்கிறதா என்று இரண்டு நிலையிலும் பாருங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஹோஸைக் கீலுக்குக் குறுக்கே நிரந்தரமாக ஓட்டாதீர்கள். கதவு திறந்து மூடுகிற ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து அங்கேயே வெடிக்கும். கதவை மூடுமுன் கழற்றி எடுக்கிற இணைப்பு போடுங்கள். ஓட்டும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும். கசிவு பார்ப்பது சோப்புத் தண்ணீரில் மட்டும்.

மூடினால் கிரில் செங்குத்தாக நிற்கும்

மேசைமேல் வைத்தே வடிவமைக்கிறவர்களுக்கு இது கடைசியில்தான் உறைக்கிறது. வலைக்கும் கரித்தட்டுக்கும் தனித்தனிக் கொண்டி வேண்டும். தட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் சாம்பல் கதவை நிமிர்த்தியதும் கீலுக்கும் பொந்துக்கும் போகும். ஈரம் பட்ட சாம்பல் காரத்தன்மை உள்ளது. பெயின்டை அரிக்கும், அலுமினியத்தை இன்னும் வேகமாக அரிக்கும்.

காற்று

கரி பற்றவைப்பதற்கு முன்பே வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். பின்பக்கத்திலிருந்து காற்று அடித்தால் தீப்பொறி தொட்டிக்குள்தான் போகும். தொட்டிக்குள் விரிக்கிற பாலிஎத்திலீன் லைனர் 130 டிகிரி சுமாரிலேயே உருகத் தொடங்கும்.

கனலோடு வண்டியை எடுப்பது

ஒருபோதும் கூடாது. தொட்டிக்கு மேலே கூண்டு போட்ட வண்டியாக இருந்தால் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தேங்கும், வாசனையும் இருக்காது. சாம்பலை மூடி உள்ள இரும்பு வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். தண்ணீர் இல்லாத இடமாக இருந்தால் வாளியை மூடி, எரியக்கூடியது எதுவும் இல்லாத தரையில் தள்ளி வையுங்கள். சாம்பலுக்குள் புதைந்த கனல் இரண்டு நாள் வரைகூட உயிரோடு இருக்கும்.