பழைய வேட்டிக்கு வெங்காயத்தோல் சாயம்: நிறம் நிற்கிற மாதிரி செய்வது எப்படி

அப்பாவின் நாலு பருத்தி வேட்டிகள் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தன. கரை நைந்து, நடுவில் மஞ்சள் பூத்து, திருகோணமலைக் கோணேஸ்வரம் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போக முடியாத நிலை. ஆனால் துணி இன்னும் கெட்டி. சாயம் போட்டு இரண்டு மேற்சட்டை தைக்கலாம் என்று தோன்றியது. பம்பாய் வெங்காயத்தின் தோலை ஒரு பானை நிறைய அவித்து முதல் வேட்டியை முக்கினேன். எடுக்கும்போது தங்கம் மாதிரி இருந்தது. மூன்று தோய்ப்பில் பால் கலக்காத தேநீர் சிந்திய துணிபோல் திட்டுத் திட்டாக வெளிறிவிட்டது.

அந்த வேட்டிக்குச் செலவான காஸ், நாலு வாளித் தண்ணீர், ஒரு முழு ஞாயிறு எல்லாமே வீண். சூழலுக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிற வேலையில் நிறம் ஒரு மாதத்தில் போய்விட்டால் அந்தத் துணி குப்பைக்குத்தான் போகும். ஆகவே நிலையான உடை என்ற பேச்சில் நான் முதலில் பார்ப்பது சாயம் நிற்குமா என்பதைத்தான். இரண்டாவது வேட்டியில் நின்றது. அதைச் செய்த முறை இது.

முதலில் துணி பருத்திதானா என்று பாருங்கள். ஓரத்தில் இரண்டு நூல் உருவிக் கொளுத்தினால் கடதாசி எரிகிற மணம் வந்து சாம்பல் உதிர வேண்டும். உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பொலியெஸ்டர் கலந்திருக்கிறது, அதற்கு இந்தச் சாயம் ஏறாது. பிறகு துணியை உலர்ந்த நிலையில் நிறுங்கள். என்னுடையது 250 கிராம். இனி வரும் அளவுகள் எல்லாம் அந்த எடைக்கு. கடுக்காய்க்கும் படிகாரத்துக்கும் கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள், சமையலுக்கு விற்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் ஒரே கருவி அதுதான். பானை சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம். சாயத்துக்கு எடுத்த பானையைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோகவும் வேண்டாம்.

அவித்துக் கழுவுதல்

நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நாற்பது தடவை தோய்த்த வேட்டி சுத்தமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் நூலுக்குள்ளே கஞ்சிப் பசை, எண்ணெய், வியர்வை, பழைய சவர்க்காரம் எல்லாம் தங்கியிருக்கும். சாயம் அந்த அழுக்கின்மேல் ஒட்டி, அழுக்கு கழரும்போது தானும் கழன்றுவிடும்.

ஆறு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, கொஞ்சம் சவர்க்காரத் தூள் போட்டு, துணியை ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். நான் மூடியைத் திறந்தபோது தண்ணீர் கடும் தேநீர் நிறத்தில் இருந்தது. சாயம் ஒரு துளிகூடப் போடாத வெள்ளை வேட்டியிலிருந்து வந்த நிறம் அது. தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை அவித்தேன், இரண்டாம் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக வந்தது.

சரிபார்க்க ஒரு வழி: துணியைக் காயவைத்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டவுடன் உறிஞ்சிக்கொண்டால் போதும். முத்தாகத் திரண்டு நின்றால் திரும்ப அவிக்க வேண்டும்.

(பின்சேர்க்கை: மூதூரிலிருந்து ஒரு சகோதரி வாஷிங் சோடா கிடைக்கவில்லை, அப்பச் சோடா போடலாமா என்று கேட்டிருந்தார். அப்படியே போட்டால் காரம் போதாது. வெறும் சட்டியில் அப்பச் சோடாவைக் கொட்டி நல்ல சூட்டில் கிளறிக்கொண்டே வறுங்கள். முதலில் கொதிக்கிற மாதிரிப் பொங்கும், பிறகு அடங்கும். அடங்கினபின் அது வாஷிங் சோடாதான்.)

தண்ணீர்

உப்புவெளிப் பக்கம் எங்கள் கிணற்று வாளியின் உட்புறம் செம்மஞ்சளாகத் துருப் பிடித்ததுபோல் படியும். குளிக்க அது பிரச்சினையில்லை. ஆனால் சாயத்தில் இரும்பு கலந்தால் மஞ்சள் பச்சையாகும், பொன்னிறம் சேறாகும். கண்ணாடிக் குவளையில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்து ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். இளமஞ்சளாக இருந்தால் நல்ல தண்ணீர். சாம்பல் நிறமோ கறுநீலமோ ஓடினால் இரும்பு இருக்கிறது. நான் இப்போது மாரி மழையில் கூரைப் பீலித் தண்ணீரைப் பிடித்து மூடி வைக்கிறேன். மற்ற மாதங்களில் குழாய்த் தண்ணீர்.

கடுக்காய், பிறகு படிகாரம்

சாயத்தைத் துணியோடு பிணைப்பது படிகாரம். கம்பளிக்கும் பட்டுக்கும் அது நேரே பிடிக்கும், பருத்திக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து முதலில் நூலில் ஏறினால், அதைப் பற்றிக்கொண்டு படிகாரம் உட்காரும். கலம்காரித் துணி செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடுக்காயில் தொடங்குவது இதனால்தான்.

50 கிராம் கடுக்காய்த் தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, ஈரத் துணியை இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து நிழலில் காயப்போடுங்கள், அலசக் கூடாது. வெள்ளைத் துணி வெண்ணெய் நிறமாகியிருக்கும்.

அடுத்த நாள் 40 கிராம் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் சீனாக்காரம் என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள். முதலில் கொதிநீரில் கரைத்து, பிறகு பானைத் தண்ணீரில் ஊற்றுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூட்டைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும், கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்ற வேண்டும். துணியைப் போட்டு ஒரு மணி நேரம் தடியால் அடிக்கடி புரட்டி, ஆறும்வரை அப்படியே விடுங்கள். துணி மடிந்து கிடந்த இடமெல்லாம் பிறகு கோடாகத் தெரியும், புரட்ட அலுப்புப் படாதீர்கள். கடைசியில் ஒரு தடவை மெல்ல அலசினால் போதும்.

இந்தப் படிகாரத் தண்ணீரை ஊற்றிவிடாமல் வையுங்கள். பாதிப் படிகாரம் சேர்த்து அடுத்த துணிக்கு எடுக்கலாம். எங்கள் கரையோரம் முழுக்க மணல். பின்வளவில் ஊற்றுவது வேறெங்கும் போகாது, நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். நிறம் பளிச்சென்று வரும் என்று சிலர் குரோமியமும் மயில்துத்தமும் போடச் சொல்கிறார்கள். குரோமியம் நஞ்சு, மயில்துத்தம் மீனுக்கு ஆகாது. கிணறும் கடலும் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் இரண்டையும் நான் தொடுவதில்லை.

சாயம்

இது சுலபம். 150 கிராம் உலர்ந்த வெங்காயத்தோல், அதாவது ஒரு பெரிய கடைப்பை நிறைய. பக்கத்து இரண்டு வீடுகளில் சொல்லி வைத்தால் ஒரு மாதத்தில் சேர்ந்துவிடும். ஒரு மணி நேரம் அவித்து, வடித்து, துணியைப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்காத சூட்டில் வைத்து, அப்படியே ஆறவிடுங்கள்.

அடுப்பு இல்லாமலும் செய்யலாம். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் நான் பழகியது: வடித்த சாயத்தையும் துணியையும் பெரிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, மொட்டை மாடியில் நாலு நாள். எங்கள் ஊர் ஆடி வெயில் அடுப்பைப்போலவே வேலை செய்யும். இப்போது காஸ் கிடைத்தாலும் சின்னத் துணிகளுக்கு வெயிலைத்தான் எடுக்கிறேன்.

மஞ்சள் தூள், பீட்ரூட், சங்குப்பூ மூன்றையும் துணிக்குப் போடாதீர்கள். வீடியோவில் அழகாக இருக்கும். மஞ்சள் வெயிலில் சில நாட்களிலேயே வெளிறும், மற்ற இரண்டும் தோய்ப்பில் போகும். வெங்காயத்தோலும் வெயிலில் மெல்ல மெல்ல மங்கத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. அதைவிட நன்றாக நிற்பது மாதுளை ஓடு. ஜூஸ் கடையில் சும்மாவே தருவார்கள். இப்போது நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன்.

சாயவேர்ச் செடியின் வேரில் சிவப்பு எடுக்கலாமே என்று கேட்கிறார்கள். நிற்கும், மிக நன்றாகவே நிற்கும். யாழ்ப்பாணத்து, மன்னார் மணலில் அந்த வேரைத் தோண்டிக் கொடுப்பது ஒல்லாந்தர் காலத்தில் ஒரு சமூகத்தவர்மேல் கட்டாய வேலையாகச் சுமத்தப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தபின், என் உடுப்பைச் செய்தது யார் என்று உலகம் கேட்கத் தொடங்கியது. அந்தக் கேள்வி சாயத்துக்கும் பொருந்தும். வேரைத் தோண்டினால் செடியும் போய்விடும். நீங்களே பாத்தியில் வளர்த்தால் செய்யுங்கள், காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம்.

தைத்தல்

வேட்டியை இரண்டாய் மடித்துச் சதுரமும் நீள்சதுரமுமாக மட்டும் வெட்டினால் துண்டு மிஞ்சாது. தைக்கத் தெரியாதவர்கள் அக்கம்பக்கத்துத் தையல் அக்காவிடம் கொடுக்கும்போது, பழைய துணிதானே என்று கூலியைக் குறைக்காதீர்கள். நைந்த துணியில் ஊசி ஓட்டுவது புதுத்துணியைவிடக் கடினம்.

(பின்சேர்க்கை 2: ஆயத்தச் சட்டைக்குச் சாயம் போட்ட ஒருவர், துணி பொன்னிறமாகியும் தையல் எல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கிறது என்று படம் அனுப்பியிருந்தார். அது பொலியெஸ்டர் நூல், எத்தனை தடவை முக்கினாலும் ஏறாது. துணியாக இருக்கும்போதே சாயம் போட்டுவிட்டு, பிறகு பருத்தி நூலில் தையுங்கள். தோய்க்கும்போது காரமில்லாத சவர்க்காரம், காயப்போடுவது நிழலில். தேசிக்காய்ச் சாறு தெறித்தால் அந்த இடம் மட்டும் வெளிறும். திட்டுப் பெரிதாகிவிட்டால் சட்டையைத் திரும்ப அவித்துக் கழுவி, கடுக்காயிலிருந்து தொடங்குங்கள்.)