கடிக்கிற ஷூ பழகாது: வேக ஓட்டத்துக்கு எடை குறைந்த ஷூ வாங்கும் முறை

“புதுச் செருப்பு நாலு நாள் கடிக்கும், அப்புறம் பழகிக்கும்” என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் செருப்பு வாங்கித் தருவார்கள். தோல் செருப்புக்கு அது சரி. எண்ணெய் தடவிப் போட்டால் தோல் காலுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். அதே நம்பிக்கையில், எடை குறைந்த ஷூ ஒன்றை விரல் முட்ட முட்ட வாங்கிக்கொண்டு கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நாலு சுற்று ஓடினேன். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் முடிந்தபோது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அது விழுந்து புது நகம் முளைக்க மாதக்கணக்கானது. வேக ஷூவின் மேல்துணி மெல்லிய பாலியெஸ்டர் வலை; தோல்போல அது இளகாது.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

நடையும் ஓட்டமுமாக அரை மணி நேரம் போகிறவர் என்றால் சாதாரண ஷூவே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நேரு ஸ்டேடியத்தில் 400 மீட்டர் சுற்றுகளை வேகமாக ஓடுகிறவர்கள், கோவை மாராத்தானின் 10 கிலோமீட்டருக்குத் தயாராகிறவர்களுக்குத்தான் இது.

எடை அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். தினசரி ஓட்ட ஷூ ஒன்று பெரும்பாலும் 250 முதல் 300 கிராம் இருக்கும். வேக ஷூ 200 கிராமை ஒட்டி வரும். இரண்டுக்கும் 60 கிராம் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் ஒரு கால் 85 முறை தூக்குகிறது. அரை மணி நேரத்தில் 2,550 முறை. கணக்குப் போட்டால் 153 கிலோ வருகிறது. ஈரோட்டு மண்டியில் ஒன்றரை குவிண்டால் மஞ்சள், அதுவும் ஒற்றைக் காலுக்கு! ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் சக்தி சுமார் ஒரு சதவீதம் கூடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் காலுக்குச் சேராத ஷூ கொப்புளம் போட்டுவிட்டால் இந்த ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படி 1: சாயங்காலம் அளவெடுங்கள்

நாள் முழுக்க நின்று நடந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். அதனால் காலையில் அளக்க வேண்டாம். பழைய காலண்டர் தாளைச் சுவரோரம் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நம்பரை நம்பாதீர்கள்

அட்டைப்பெட்டி லேபிளில் யூ.கே., யூ.எஸ். நம்பர்களோடு சென்டிமீட்டரும் இருக்கும். அதைப் பாருங்கள். அடிடாஸில் யூ.கே. 8 என்றால் 26.5 சென்டிமீட்டர், நைக்கியில் அதே 8 என்றால் 27. கால் நீளத்தோடு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கூட்டித் தேடத் தொடங்கலாம். கடைசி முடிவு கடையில்தான்.

படி 3: கடையில்

ஓடும்போது போடுகிற சாக்ஸையே எடுத்துப் போங்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் முழுப் பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து தோலை உரசும். நைலான் அல்லது பாலியெஸ்டர் கலந்தது நல்லது.

உட்கார்ந்துகொண்டு பார்க்காதீர்கள், எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். வேக ஓட்டத்தில் கால் முன்னால் தள்ளப்படும். அந்த இடம் இல்லாவிட்டால் நகம் கறுக்கும்.

அகலத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். கால் ஓரம் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். வேக ஷூக்கள் பல ஒடுக்கமானவை. வெறுங்காலில் வரப்பில் நடந்து வளர்ந்த என் கால் பாதிக்கு மேல் மாடல்களில் அடங்காது. ஒரு நம்பர் கூட்டி வாங்கினால் நீளம் தேவைக்கு மேல் கூடிக் குதிகால் ஆடும். அதனால் அகலமான அளவு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு மாடலுக்குப் போங்கள்.

அப்புறம் கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. எங்காவது உறுத்தினால் “போடப் போட லூசாயிருமுங்ணா” என்று கடைப் பையன் சொல்வான். சிரித்துவிட்டு அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.

படி 4: லேஸ்

குதிகால் லேசாக மட்டும் நழுவுகிறதா? ஷூவை ஒதுக்கும் முன் மேலே தனியாக இருக்கும் கடைசி ஓட்டையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் விட்டு இரண்டு பக்கமும் சின்ன வளையம் விடுங்கள். வலது நுனியை இடது வளையத்திலும், இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது. புறங்கால் அழுந்தினால், அழுந்தும் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டையை விட்டுவிட்டுக் கட்டுங்கள்.

படி 5: முதல் சில வாரம்

கடிக்கிற ஷூ பழகாது, ஆனால் கால் பழக வேண்டும். பல வேக ஷூக்களில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் குறைவு. அதனால் கெண்டைக்காலுக்கு வேலை கூடும். முதல் வாரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும், அதுவும் ஒருநாள் மட்டும். மறுநாள் படி இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் அடுத்த ஓட்டத்துக்குப் பழைய ஷூவை எடுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரலும் வரும், ஷூ நனையும். வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மட்டும் மாற்றினால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.