கடுகு முதல் கம்பளிப்புழு வரை: மேக்ரோ படமெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேக்ரோ, அதாவது மிகச் சிறிய பொருள்களை நெருங்கிப் பெரிதாகப் படமெடுக்கத் தொடங்குபவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை கேமரா தெரியாததால் வருபவை அல்ல. கல்யாணத்திலும் திருவிழாவிலும் படமெடுத்துப் பழகிய கை, அதே பழக்கத்தோடு ஒரு கடுகின் முன்னால் போய் நிற்பதால் வருபவை. பொருள் சில மில்லிமீட்டருக்குச் சுருங்கியதும் ஒளி, ஃபோகஸ், கைநடுக்கம் எல்லாமே வேறு கணக்குக்கு மாறிவிடுகின்றன. அந்தக் கணக்கு பிடிபட்டால் அஞ்சறைப்பெட்டியும் மொட்டைமாடித் தொட்டிகளும் வருஷக்கணக்கில் படம் தரும். வேறெங்கும் போக வேண்டியதில்லை.

லென்ஸிலிருந்து தொடங்குவோம். ஜூம் லென்ஸின் மேல் ‘மேக்ரோ’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார்மேல் பொருளின் உண்மை அளவே விழுந்தால் அது 1:1. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 x 24 மி.மீ. என்பதால், 2011-இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 1:1-இல் படத்தின் உயரத்தைக் கிட்டத்தட்ட முழுதாக அடைத்துக்கொள்ளும். அப்படிப் பெயர் தாங்கிய ஜூம்கள் பலவும் அதில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குவரைதான் போகும். செம்பருத்திக்கு அது போதும். எறும்பின் கண்ணுக்குப் போதாது.

அதற்காக உடனே விலை கூடிய மேக்ரோ லென்ஸ் வாங்கியாக வேண்டும் என்பதும் இல்லை. கையில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்றைப் பின்னால் மாட்டினாலே உண்மை அளவில் பாதி கிடைத்துவிடும். ட்யூப்புக்குள் கண்ணாடி எதுவும் இல்லை. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பது மட்டுமே அதன் வேலை. மின்தொடர்புப் புள்ளிகள் உள்ள ட்யூப்பாகப் பார்த்து வாங்குங்கள். அவை இல்லாவிட்டால் இன்றைய பல லென்ஸ்களில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்றவே முடியாது. டெலி ஜூம் வைத்திருப்பவர்களுக்கு, முன்னால் கவ்விக்கொள்ளும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 போன்ற 8 டயாப்டர் (பெரிதாக்கும் சக்தியின் அளவு) லென்ஸ் நன்றாக உதவும்.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைந்த ஃபோன்கள் பலவற்றில் 2 மெகாபிக்சலில் தனியாக ஒரு மேக்ரோ கேமரா வைத்திருப்பார்கள். பெயருக்காக அதையே பயன்படுத்த வேண்டாம். முதன்மைக் கேமரா எந்தத் தூரம்வரை தெளிவாகப் பிடிக்கிறதோ அங்கே நிறுத்தி எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் பல நேரங்களில் அதைவிட நல்ல படம் கிடைக்கும். 2021-இல் வந்த ஐஃபோன் 13 ப்ரோபோல அல்ட்ரா வைட் கேமராவிலேயே ஆட்டோஃபோகஸ் இருந்தால் 2 செ.மீ. வரை நெருங்கலாம். ஆனால் அவ்வளவு நெருங்கினால் ஃபோனின் நிழலே பொருளை மூடிவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நிழல் சிக்கல் பெரிய லென்ஸ்களிலும் உண்டு. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 30 செ.மீ. என்று போட்டிருப்பதைப் பார்த்து, பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. லென்ஸின் நுனியிலிருந்து பார்த்தால் ஒரு சாண்கூட இராது. 60 மி.மீ. லென்ஸில் அது இன்னும் குறுகும். பூச்சிகள்தான் ஆசை என்றால் 90 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. உப்பும் நாணயமும் ஓடிப்போகாது, அவற்றுக்குச் சின்ன லென்ஸே போதும்.

ஒரு மில்லிமீட்டர்

மேக்ரோவின் மையச் சிக்கல் இதுதான். துளையின் அளவைச் சொல்வது எஃப் எண்; எண் சிறுத்தால் துளை பெரிது. 1:1-இல் எஃப் 2.8 வைத்தால் படத்தில் தெளிவாக விழும் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எஃப் 8-இல் சுமார் 1 மி.மீ.; எஃப் 16-இல் சுமார் 2 மி.மீ. வீட்டு ஈயின் நீளமே 6, 7 மி.மீ. தான். முகத்துக்கு நேராக நின்று எஃப் 2.8-இல் எடுத்தால் ஒரு கண்கூட முழுதாகத் தெளிவாகாது. ஆள் படங்களில் பின்னணி கரைவதற்காக அப்பர்ச்சரை அகலத் திறந்து பழகியவர்கள் இங்கே அந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். பின்னணி எப்படியும் கரைந்துவிடும், அதற்கென்று ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து மறுகோடிக்குப் போகிறார்கள்: எஃப் 22, எஃப் 32. துளை மிகவும் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதும் மெல்லிய புகை படிந்ததுபோல் மங்கும். அதோடு மேக்ரோவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. லென்ஸ் 1:1-க்கு வரும்போது எஃப் எண் செயலளவில் இரட்டிப்பாகிறது. நீங்கள் வைத்தது எஃப் 16 என்றால் ஒளிக்கு அது எஃப் 32. நிக்கான் கேமராக்கள் தங்கள் மேக்ரோ லென்ஸ்களில் இந்த மாறிய எண்ணையே காட்டும். கேனான் கேமராக்கள் நீங்கள் வைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நண்பர்கள் ஒரே எண்ணைச் சொல்லி வேறு வேறு படம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1:1-இல் எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவே நிற்பது என் பரிந்துரை.

மீதியைக் கோணத்தால் சம்பாதிக்க வேண்டும். கிடைப்பது ஒரு மெல்லிய தகடு அளவு தெளிவுதான். அந்தத் தகட்டை எங்கே கிடத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. சிறகை மூடி உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சிக்குச் சரியாகப் பக்கவாட்டில், சென்சாரும் சிறகும் இணையாக நிற்கும்படி வாருங்கள். சிறகின் செதில்கள் ஓரம்வரை தெளியும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலும் பாதிச் சிறகு போய்விடும். சிலந்தியானால் தகடு கண்களின்மேல் விழட்டும், கால்கள் மங்கினால் மங்கட்டும்.

ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படமெடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக்குவது அருமையான வழி. ஆனால் அசையாத பொருளுக்குத்தான் அது. காற்றில் ஆடும் தும்பைப் பூவில் இருபது படம் எடுத்துச் சேர்க்க முயல்வது நேர விரயம்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். இந்தத் தூரத்தில் அது முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று தீர்மானித்து ஃபோகஸ் வளையத்தை அங்கே நிறுத்தி, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, கண் தெளியும் நொடியில் அழுத்துவதுதான் முறை. இடது கையால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைத் தாங்கிக்கொண்டால் காற்றில் ஆடும் இலையும் கேமராவும் சேர்ந்தே ஆடும், படம் கெடாது. டிரைபாடை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; தோட்டத்தில் அதை விரித்து நிறுத்துவதற்குள் பூச்சி போயிருக்கும். வீட்டுக்குள் எடுக்கும்போது மின்விசிறியை அணைத்து, இரண்டு விநாடி டைமர் வைத்தால் போதும்.

வெளிச்சம்

இங்கேதான் பலரும் பாதியில் மனம் தளர்கிறார்கள். 100 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் 1/100 விநாடி போதும் என்ற பழைய சூத்திரம் மேக்ரோவில் உதவாது. பொருள் பெரிதாகும் அளவுக்குக் கைநடுக்கமும் பெரிதாகிறது. லென்ஸின் நடுக்கத் தடுப்பும் முழுதாகக் காப்பாற்றாது: கேனான் 2009-இல் மேக்ரோவுக்கென்றே புதுத் தடுப்புமுறையோடு கொண்டுவந்த 100 மி.மீ. லென்ஸில்கூட, சாதாரணத் தூரத்தில் 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரு மடங்கு) என்று சொல்லப்பட்ட பயன் 1:1-இல் 2 ஸ்டாப்பாகக் குறைகிறது. ஷட்டரை வேகமாக்கினால் சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ ஏறுகிறது, சிறகின் நுணுக்கமெல்லாம் புள்ளிகளில் கரைகிறது.

இதற்கு விடை ஃப்ளாஷ். இயற்கை ஒளியே அழகு, ஃப்ளாஷ் செயற்கை என்று ஒதுக்குவதுதான் என் கணக்கில் இந்தத் துறையின் மிகப் பெரிய தவறு. ஐஎஸ்ஓ 200, எஃப் 11, ஷட்டர் 1/200 என்று வைத்தால் நிழலான தோட்டத்தின் வெளிச்சம் மட்டும் படத்தை ஏறக்குறைய இருட்டாகவே விடும். ஃப்ளாஷ் எரியும் நேரம் மட்டுமே பதிவாகும். குறைந்த சக்தியில் அது விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் எரிகிறது. அந்த நேரத்துக்குள் எந்தக் கையும் நடுங்க முடியாது.

பலர் ஃப்ளாஷுக்குப் பயந்துவிடுவதற்குக் காரணம், அதை அப்படியே அடிப்பதுதான். பொன்வண்டின் முதுகு கண்ணாடிபோல மின்னும். வெறும் ஃப்ளாஷ் பட்டால் அதன் பச்சையும் பொன்னும் போய், வெள்ளைத் திட்டு ஒன்றுதான் மிஞ்சும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் வேண்டும், அதுவும் பொருளுக்கு மிக அருகில். பூச்சியின் பார்வையில் வானம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமாக ஒளி வர வேண்டும். மிக்ஸி, டிவி வாங்கும்போது சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் இதற்கு மிகப் பொருத்தம். ஃப்ளாஷிலிருந்து லென்ஸின் நுனிவரை வளைத்துக் கட்டிவிடுங்கள். கேமராவோடு வரும் சின்ன ஃப்ளாஷுக்கும் இது அவசியம், இல்லாவிட்டால் லென்ஸின் நிழல் படத்தின் கீழ்ப்பாதியை மறைக்கும். பின்னணி கறுத்துப்போவதும் ஃப்ளாஷால் வருவதே. ஒளி தூரம் போகப்போக வேகமாகக் குறைவதால் பின்னால் இருக்கும் செடிக்கு அது எட்டுவதில்லை. பொருளுக்குச் சற்றுப் பின்னால் ஓர் இலை இருக்கும்படி கோணத்தை மாற்றிக்கொண்டால் பச்சை வந்துவிடும்.

சமையலறைப் பொருள்களில் ஒளியின் திசைதான் படம். கடுகை முன்னாலிருந்து ஒளி விட்டு எடுத்தால் வெறும் உருண்டை. தாழ்வாகப் பக்கத்திலிருந்து ஒளி விட்டால் அதன் தோலில் வலைபோன்ற கோடுகள் எழும். கறிவேப்பிலையை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். இலை முழுவதும் ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள் தெரியும். அந்த வாசம் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. தூள் உப்பின் கனசதுரங்களைக் கறுப்புத் துணிமேல் வைத்து, பின்னாலிருந்து சாய்வாக ஒளி கொடுக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்தவுடன் எடுத்துவிடுங்கள், ஈரக்காற்று பட்டால் முனைகள் மழுங்கிவிடும். பொருளைத் துணியால் துடைக்க வேண்டாம். துணியின் இழைகள் ஒட்டிக்கொண்டு படத்தில் கயிறுபோலத் தெரியும். காற்றடிக்கும் ரப்பர் பம்பால் ஊதினால் போதும்.

பூச்சி தேடி ஊரெல்லாம் அலைவதும் தவறுதான். ஒரே செடியோடு இருங்கள். எருக்கஞ்செடி ஒன்றில் மஞ்சள் அசுவினிக் கூட்டம், அவற்றை மேய்க்க வரும் எறும்புகள், வண்ணத்துப்பூச்சியின் புழு எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் பறவை எச்சம் போலக் கிடப்பது பல சமயம் எச்சமே அல்ல. வால் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் இளம்புழு. மாமரத்து முசுறுகளுக்கு நடுவே ஒன்று முன்கால் இரண்டையும் உணர்கொம்புபோலத் தூக்கிக்கொண்டு திரிந்தால் கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் அது எறும்பைப் போல வேஷமிடும் குதிக்கும் சிலந்தி. விடிகாலையில் போவது நல்லது. உடம்பு சூடேறாத பூச்சிகள் மெல்லவே நகரும், காற்றும் அடங்கியிருக்கும். நின்றபடி மேலிருந்து எடுக்காமல் அதன் கண்மட்டத்துக்கு இறங்குங்கள்.

பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்று அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், பசை தடவி ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சி உட்காரும் விதமே வேறு. பூச்சிகளைக் கவனித்துப் பழகிய எவருக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அப்படிக் கிடைக்கும் படத்தில் அந்த உயிரைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை.

கடைசியாக, அழகான ஒரே கோணத்தோடு கிளம்பிவிடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றிப் பெயர் கேட்கும்போது அந்த ஒரு படம் பல நேரம் போதாது. வண்ணத்துப்பூச்சியானால் சிறகின் மேற்புறமும் அடிப்புறமும், சிலந்தியானால் முகத்தில் கண்கள் அமைந்திருக்கும் வரிசையும் முதுகும், புழுவானால் அது தின்றுகொண்டிருந்த செடியும் வேண்டும். இவற்றைச் சும்மா ஒரு பதிவுக்காக எடுத்து, தேதியையும் இடத்தையும் கூடவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.