கேரவன் இழுப்பவர்கள் பாரத்தில் செய்யும் தவறுகள்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. பாரம் முன்னால் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் வண்டி குடை சாயப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் பள்ளி விடுமுறைக்கு எஸ்யூவியின் பின்னால் கேரவனை, அதாவது படுக்கை வசதியுள்ள இழுவை வீட்டை, மாட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் கோட்டை விடுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

"இந்த வண்டி இரண்டு டன் இழுக்கும்" என்று விற்பனையாளர் சொன்னதை மட்டும் நம்பிக் கிளம்புவது முதல் தவறு. கேரவனின் முன்முனை, அதாவது மூக்கு, காரின் பின்னால் அதை மாட்டும் உருண்டையான இழுவைக் குண்டின்மேல் அழுத்தும் எடை, காரின் சுமையில் சேரும். காருக்கு 600 கிலோ வரை ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் 240, இழுவைக் குண்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் 40, குண்டின்மேல் 180. மிச்சம் 140 கிலோதான். குளிர்பெட்டி, கூடாரம், சைக்கிள்கள், அரிசி மூட்டை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இழுவைக் குண்டில் விழும் எடை, கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது. கார் உற்பத்தியாளர் அதற்கு வைத்திருக்கும் வரம்பையும் தாண்டக் கூடாது. பின்பக்கம் ஏற ஏற முன்பக்கம் இலேசாகிறது. அப்படிப்பட்ட கேரவன் 90 கிலோமீட்டர் வேகத்தில் பாம்பாக நெளியத் தொடங்கும். எனவே கனமான பொருள்களை அச்சுக்கு நேர்மேலே, தரையோடு தரையாக வையுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். 95 லிட்டர் தொட்டி இரண்டு நிரம்பினால் 190 கிலோ. அவை அச்சுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் கணக்கே தலைகீழாகிவிடும்.

கேரவனின் தகட்டில் ஏ.டி.எம். என்று ஓர் எண் இருக்கும். வங்கி இயந்திரத்தோடு அதற்கு உறவில்லை. சாமான்களோடு சேர்த்து, காரிலிருந்து கழற்றி வைத்த நிலையில் கேரவன் எட்டக்கூடிய உச்ச எடை அது. அதே தகட்டில் உள்ள வெற்று எடையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள், பிறகு மாட்டிய வெயில் கூரையையும் நிரப்பிய தண்ணீரையும் மறந்துவிடுகிறார்கள். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு எடைமேடைக்கு ஒரு முறை போய்வந்தால் சந்தேகமே இல்லை.

பிரேக்கிலும் மெத்தனம் கூடாது. ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடைக்கான வரம்பு 750 கிலோவைத் தாண்டினால் அதற்குச் சொந்த பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். ட்ரெய்லர் கழன்று ஓடினால் தானாகவே பிடித்து நிறுத்தும் அமைப்பும் வேண்டும்.

நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று முந்தும்போது காற்று கேரவனைத் தள்ளும். ஆட்டம் தொடங்கியதும் காரின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது இயல்பாக வரும் எதிர்வினை, அதுதான் ஆபத்து. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். ட்ரெய்லர் பிரேக்குக்குத் தனி விசை இருந்தால் அதை மட்டும் இதமாக அழுத்துங்கள். ஆட்டத்தை எதிர்த்து ஸ்டியரிங்கை இங்குமங்கும் திருப்பினால் நெளிவு கூடும்.

வேகம் குறைவாக இருந்தால் பாதி வம்பு வராது. ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்குத் தனி வேக வரம்பு உண்டா என்று போகும் மாநிலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலகை 110 என்று சொன்னாலும் நான் 90-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிட்டால் போயிற்று.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டு இருந்தால் குண்டுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு அவற்றின்மேல் விழும், சாலையில் குத்தாது. விளக்குகள் எரிகின்றனவா என்று யாரையாவது பின்னால் நிறுத்திப் பாருங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி, சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடியுங்கள்.