ட்ரவெஸ்ச்சி என்றால் மாறுவேடம் அல்ல

பாலினம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைப் போர்ச்சுகீசில் பெயர்ப்பவரைக் கவிழ்ப்பது புரியாத சொல் இல்லை, புரிந்ததுபோல் இருக்கும் சொல்தான். ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்வெஸ்டைட்' என்றால் எதிர்ப்பாலினத்தவரின் உடை அணிபவர். இன்று பலரைப் புண்படுத்தும் பழைய சொல். ஒலி ஒத்துப்போகிறதே என்று கை தானாக 'ட்ரவெஸ்ச்சி' என்று எழுதிவிடும். பிரேசிலில் அது உடை சம்பந்தப்பட்டதே அல்ல, பெண்மை சார்ந்த ஒரு பாலின அடையாளம். நம் 'திருநங்கை'க்குப் பக்கத்தில் வைக்கலாம், முழுக்க ஒன்றல்ல. 2004 ஜனவரி 29 அன்று பிரேசில் நாடாளுமன்றத்தில் தொடங்கிய பிரசாரத்தின் பெயரே 'ட்ரவெஸ்ச்சியும் மரியாதையும்'. அந்தத் தேதிதான் இன்று அங்கே திருநர் நாள். இச்சொல்லுக்கு முன் பெண்பால் சுட்டான 'அ' வர வேண்டும். ஆண்பால் 'ஓ' போட்டால் இலக்கணப் பிழையோடு நிற்காது, அவமதிப்பாகிவிடும்.

'ஃபீமேல்' என்பதற்கு அகராதி 'ஃபேமியா' என்று தரும். அது விலங்குக்கு. மின்சாரச் செருகியின் துளைப்பக்கத்துக்கும் அதே பெயர்! விண்ணப்பப் படிவத்தில் 'ஃபெமினீனு', வாக்கியத்தில் 'முலியேர்' என்றுதான் எழுத வேண்டும்.

ஆணா பெண்ணா என்று சொல்லாமல் ஒருவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'தே' இன்னும் சிக்கல். தமிழில் 'அவர்' என்று தப்பித்துவிடுவோம். போர்ச்சுகீசில் 'ஏலிஸ்' என்று எழுதினால் பல ஆண்கள் வந்து நிற்பார்கள். பால் காட்டாத 'ஏலு' என்ற புதிய சொல் சிலரிடம் புழங்குகிறது. அந்த நபரே அதை விரும்பினால் தாராளமாக எழுதலாம். இல்லையென்றால் வாக்கியத்தையே திருப்பிப் போடுவதுதான் என் வழக்கம். 'அவருடைய' என்ற இடத்தில் 'செவு', 'சுவா' கைகொடுக்கும். அவை உடைமைப் பொருளின் பாலைத்தான் காட்டும், உடையவரின் பாலை அல்ல. புதிதாகப் படிப்பவர்கள் இதை மாற்றிப் புரிந்துகொண்டு, அவளுடைய புத்தகம் என்பதால் 'சுவா' போடுவார்கள். புத்தகம் அங்கே ஆண்பால், ஆகவே 'செவு'தான். பாலை மறைக்கச் சொல் முடிவில் எக்ஸ் எழுத்தைச் செருகுவது வேண்டாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதில் திணறும்.

திருநர் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் பெயரை ஆங்கிலத்தில் 'சோசன் நேம்' என்பார்கள். அதை 'தெரிவு செய்த பெயர்' என்று நேராகப் பெயர்க்கவும் கூடாது. பிரேசிலின் சட்டச்சொல் 'நோமி சோசியால்'. 2016-இன் 8727-ஆம் எண் ஆணை மத்திய அரசு அலுவலகங்களில் அதற்கு இடம் கொடுத்தது.

நாடு மாறினால் சாதாரணச் சொல்கூட ஏமாற்றும். 'ரபரீகா' லிஸ்பனில் வெறும் இளம்பெண். பிரேசிலின் வடகிழக்கில் அது வசவு.