டீசல் கொட்டிய மண்ணை மீட்க

பாம்பன், மண்டபம் பக்கம் படகு இன்ஜின் கழற்றும் இடங்களில் மண் டீசல் குடித்துக் கறுத்துக் கிடக்கும். அதைத் தயவுசெய்து கொளுத்தாதீர்கள், கடலோரத்தில் கொட்டவும் வேண்டாம். மண்ணிலேயே இருக்கும் சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் டீசலைத் தின்று சிதைக்கும். நம் கடற்கரை மணலில் அவற்றுக்கு வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, அதனால்தான் அவற்றின் வேலை மெதுவாக நடக்கிறது.

கறுத்த மண்ணைத் தோண்டி, தார்ப்பாயில் பரப்பி, மக்கிய சாணம் கலந்து, கையில் ஈரம் ஒட்டும் பதத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் காற்று கிடைக்கும். மழைக்கு மூடிவிடுங்கள்.

மண்புழுவும் இந்த வேலைக்கு உதவும், ஆனால் எடுத்த எடுப்பில் அதை விடக்கூடாது. புது டீசலில் செத்துப்போகும். உப்புத் தண்ணீரும் ஆகாது, நல்ல தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். சில மாதங்களில் வாடை குறைந்ததும் ஐந்தாறு புழுக்களை மட்டும் விட்டுப் பாருங்கள். மறுநாள் அவை மேலேறி ஓடப் பார்த்தால் இன்னும் பொறுக்க வேண்டும். உள்ளே இறங்கி, மேலே குருணை குருணையாக எச்சம் தள்ளியிருந்தால் மீதியையும் விடலாம். அவை போடும் துளை வழியே காற்றும் இறங்கும், பாக்டீரியாவும் பரவும்.

பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்ணுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஈயத்தை எந்தப் பாக்டீரியாவும் சிதைக்காது. அது புழுவின் உடம்பில் சேர்ந்து, அதைக் கொத்தும் கோழிக்குப் போய்விடும்.