கிரிக்கெட் பழகிய ஊரில் பேஸ்பால் தொடங்குவது எப்படி

ஜப்பானில் பேஸ்பாலுக்கு வித்திட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1872-ஆம் ஆண்டில் தோக்கியோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்கர், எந்நேரமும் வகுப்பறையிலேயே இருந்த மாணவர்களுக்கு உடலுழைப்பும் வேண்டும் என்று கருதி அவ்வாட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். இந்தியா, இலங்கை, உகாண்டா போல இவ்வாட்டம் மரபாக இல்லாத நாடொன்றில் பேஸ்பாலைத் தொடங்க விரும்பும் உடற்கல்வி ஆசிரியரும் இளைஞர் மன்றத்தாரும், மைதானத்துக்கும் நன்கொடையாளருக்கும் அலைவதற்கு முன், வாரம் இருமுறை தவறாமல் வந்து நிற்கக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திறமையானவரைக் கண்டுபிடித்துவிட்டால் ஆட்டம் தானே பரவிவிடும் என்ற எண்ணத்தையும் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது. 2008-இல் இந்தியாவில் வேகமாகப் பந்தெறிவோரைத் தேடிப் பெரிய போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அதிலிருந்து உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற ஈட்டி எறியும் இளைஞர்கள் இருவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவர்களுக்கு அது அரிய வாய்ப்புதான். ஆனால் இருவர் கடல் கடந்து போனதால் இங்கே ஒரு தெருவில்கூடப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடத் தொடங்கிவிடவில்லை.

முதல் ஆறு வாரங்களுக்கு மட்டையும் கையுறையும் வாங்க வேண்டாம். உலக பேஸ்பால் சாப்ட்பால் கூட்டமைப்பு வகுத்துள்ள ‘பேஸ்பால்5’ என்ற சிறு வடிவத்துக்கு ஒரு ரப்பர் பந்தும் சுண்ணாம்புக் கோடும் போதும். அணிக்கு ஐவர், ஐந்து இன்னிங்ஸ், ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் சுற்றிவர வேண்டிய இடக்குறிகளான பேஸ்களுக்கிடையே 13 மீட்டர் தொலைவு. பந்தெறிபவர் கிடையாது; அடிப்பவர் பந்தைத் தானே பிடித்துக்கொண்டு கையாலேயே அடிக்க வேண்டும். பந்தின் முதல் துள்ளல் களத்துக்குள் விழாவிட்டால் அவர் அவுட். கிரிக்கெட் பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து. தூக்கி அடித்தால் கைதட்டல் கிடைக்கும் என்ற பழக்கம் ஒரே நாளில் அடங்கிவிடும். ஆண்களும் பெண்களும் கலந்தே ஆடுவதால், மாணவிகளுக்குத் தனி நேரம் தேட வேண்டிய சிக்கலும் இல்லை. 2026 டாக்கார் இளையோர் ஒலிம்பிக்கில் இவ்வடிவம் சேர்க்கப்பட்டுள்ளதையும் பள்ளி நிர்வாகத்திடம் சொல்லிவைக்கலாம்; அனுமதிக் கடிதம் சற்று விரைவாகக் கையெழுத்தாகும்.

அடுத்து வருவதுதான் கடினமான பகுதி. கிரிக்கெட் தெரிந்த பிள்ளைகளுக்குப் பேஸ்பால் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். பந்தைக் கண்டு அஞ்சாமை, தொலைவிலிருந்து குறிபார்த்து எறிதல் ஆகியவற்றில் அது உண்மை. மற்றவற்றில் பழைய பழக்கங்களை அவிழ்ப்பதற்கே நாள் பிடிக்கும். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம், இங்கே பந்து கோடுகளுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடுவார்கள், இங்கே மட்டையை வீசி எறியாமல் காலடியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். நல்ல பந்தை விட்டுவிடுவது அங்கே பொறுமை. இங்கே அது ஒரு ஸ்டிரைக், அதுபோல் மூன்றானால் ஆள் வெளியே. விக்கெட் கீப்பருக்குப் பின்னால் நளினமாகத் தட்டிவிடும் அழகான அடிகள் எல்லாம் இங்கே பவுல், அதாவது எல்லைக்கு வெளியே போன செல்லாத அடி. கள எல்லை 90 பாகைக்குள் அடங்கியது என்பதைக் கயிறு கட்டிக் காட்டினால்தான் கண்ணுக்குப் பழகும்.

எல்லாவற்றிலும் குழப்பமானது, பேஸை மிதித்தால் போதுமா, ஓடுபவரைத் தொட வேண்டுமா என்பது. பின்னால் ஒருவர் வந்துகொண்டிருப்பதால் தன் இடத்தைக் காலி செய்தாக வேண்டிய ஓட்டக்காரரை அவுட்டாக்க, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர வேண்டிய பேஸை மிதித்தால் போதும். பின்னால் எவருமில்லாமல் தன் விருப்பத்தால் ஓடுபவரையோ, பந்துள்ள கையாலோ கையுறையாலோ தொட்டாக வேண்டும். இதைக் கரும்பலகையில் விளக்கிப் பயனில்லை. மட்டை இல்லாமல் நான்கு பேரை ஓட்டக்காரர்களாக நிறுத்தி, பந்தை உருட்டிவிடுவதற்கு முன் களத்திலிருப்பவர்களிடம் “எந்தப் பேஸுக்கு?” என்று கேளுங்கள். விடை வந்த பிறகே பந்து உருள வேண்டும். நாளுக்கு இருபது முறை இப்படிச் செய்தால் மூன்றாவது வாரத்தில் கேள்வி கேட்க வேண்டிய தேவை இராது.

கையுறையை எறியாத கையில் மாட்ட வேண்டும் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். இடக்கையால் எறிபவர்களுக்கென்று இரண்டு கையுறைகளைத் தனியாக வாங்கிவையுங்கள். இடுப்புக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் மேல்நோக்கியும், கீழே வருவதற்கு விரல்கள் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். அடிப்பவருக்குத் தலைக்கவசமும், அவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகக்கவசம், மார்புக்கவசம், கால்காப்பு ஆகியவையும் இல்லாமல் கடினப் பந்தைத் தொடவே கூடாது.

பந்தெறிபவரான பிட்சரைத் தேர்ந்தெடுக்கும்போது வேகப்பந்து வீச்சாளரை முன்னிறுத்த வேண்டியதில்லை. முழங்கையை நீட்டியே வைத்து, ஓடிவந்து, தரையில் குத்தி எறிந்து பழகியவரைவிட, எல்லைக்கோட்டிலிருந்து நேராகக் கீப்பரின் கைக்கு எறியும் பையனே பெரும்பாலும் விரைவில் தேறுவான். அவன் தோளைக் காப்பது உங்கள் பொறுப்பு. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி 9, 10 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேலும், 11, 12 வயதினர் 85-க்கு மேலும் எறியக் கூடாது. 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். எண்ணுவதற்கென்றே ஒரு மாணவரை அமர்த்துங்கள், ஆட்ட ஆர்வத்தில் பயிற்சியாளர் நிச்சயம் எண்ண மறப்பார்.

பலரும் அலட்சியப்படுத்தும் வேலை ஒன்று உண்டு: பிறப்புச் சான்றிதழ். 2011-இல் உகாண்டாவின் கம்பாலாச் சிறுவர் அணி, லிட்டில் லீக் உலகத் தொடருக்குத் தகுதிபெற்ற முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெருமையை அடைந்தும், வயதுச் சான்றுகளில் முரண்பாடு இருந்ததால் அமெரிக்க விசா கிடைக்காமல் ஊரிலேயே தங்க நேர்ந்தது. அவர்களோடு மோதவேண்டியிருந்த கனடாவின் லாங்லி சிறுவர்கள், சில மாதங்களுக்குப் பின் தாங்களே உகாண்டாவுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு உகாண்டாவின் லுகாசி அணி, அத்தொடர் நடக்கும் அமெரிக்க ஊரான வில்லியம்ஸ்போர்ட்டுக்குச் சென்று ஆடியது. ஆகவே பிள்ளை சேரும் நாளிலேயே சான்றின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பெயரின் எழுத்துகள் பள்ளிப் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டில் ஓர் அணி இரண்டாகவும், பிறகு நான்காகவும் பிரிய வேண்டும், ஏனெனில் எதிரணி இல்லாத ஊரில் பயிற்சி சலித்துவிடும். செக் நாட்டு அணி இதற்கு நல்ல சான்று. நாட்டு அணிகள் மோதும் 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில், தோக்கியோவில் நடந்த ஆட்டத்தில் ஜப்பானின் நட்சத்திர வீரர் ஷோஹேய் ஒதானியை ஸ்டிரைக் அவுட் செய்த ஒந்த்ரேய் சதோரியா அன்றாடம் மின்பணியாளர். அணியின் மேலாளர் பாவெல் ஹாதிம் நரம்பியல் மருத்துவர். வேலை முடிந்து மாலையில் கழக மைதானத்துக்கு வருவோரும், அவர்களை எதிர்த்து ஆட அடுத்த ஊரில் இன்னொரு கழகமும் இருந்ததால்தான் அவர்கள் தோக்கியோ வரை போனார்கள். எனவே பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை முதல் மாதத்திலேயே அழைத்து ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளில் ஆட ஆர்வம் குறைந்தும் விதிகளில் கூர்மையாகவும் இருக்கும் இருவரை நடுவர்களாகப் பழக்குங்கள். வெளியூர் நடுவருக்காகக் காத்திருக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் நடப்பதே இல்லை.